பிலேமோனின் ஓரம்

நூற்று நாற்பது டாலர்.
அதில் பாதி ஓரத்துக்குத்தான் என்றேன் கடைக்காரரிடம்.
அவர் சிரிக்கவில்லை.
எழுத்தைச் சுற்றி இரண்டு விரற்கடை வெறுந்தாள்,
ஆதியாகமம் தொடங்கிக் கடைசி ஆமென் வரை.

வடக்கு டகோட்டாவில் நவம்பர் வந்துவிட்டால்
வயல், சாலை, தானியக் கிடங்கின் கூரை
எல்லாமே ஓரம்தான்.
நடுவில் யாரோ ஒருவரின் டிரக்
ஒற்றை வரியாகப் போய்க்கொண்டிருக்கும்.

பேனா விஷயத்தில் நான் கறார்.
பால்பாயிண்ட் தாளைக் கீறும்.
ஜெல் மை ஊறிவிடும்:
யோனாவில் எழுதினால் மீகாவில் தலைகாட்டும்.
அழியாத கறுப்பு, முடியளவு முனை,
அதுதான் சரிப்பட்டது.
கடைசியில், வரைபடங்களுக்குப் பின்னால்,
சோதித்துப் பார்த்த பதினொரு பேனாக்களின்
பதினொரு சுழிகள் இருக்கின்றன.
பைபிளில் எனக்கு முழுதும் புரிந்த பக்கம் அது ஒன்றுதான்.

கறுப்பு குறிப்புக்கு. பச்சை கேள்விக்கு.
லேவியராகமத்தில் பச்சை அதிகம்,
யோபுவில் அதைவிட.
நாற்பதாம் அதிகாரத்தின் பக்கத்தில்
"இது பதிலா?" என்று மட்டும் எழுதியிருந்தேன்.
செவ்வாய் வேதபாடத்தில் பாஸ்டர் லிண்ட்வெட் அதைப் பார்த்தார்.
பொங்க இருக்கும் பாலை அடுப்பிலிருந்து இறக்குவதுபோல்
மெதுவாகப் பக்கத்தைத் திருப்பினார்.

பிலேமோன் என் பதிப்பில் ஒரே பக்கம்.
சிறையிலிருந்து ஒருவர் எழுதுகிறார்:
அவன் உனக்குத் தரவேண்டியது ஏதாவது இருந்தால்
என்னிடம் கேள் என்று.

இருபத்தாறு வருஷமாக விதைக் கடையில் கணக்கெழுதுகிறேன்.
அடுத்தவர் பற்றில் தன் பெயரைப் போடச் சொல்லி
ஒருவரும் இதுவரை உள்ளே வந்ததில்லை.
அந்த எரிச்சலில் ஓரத்தில் எழுதினேன், பொடி எழுத்தில்:
"ஹல்வோர் துவெய்ட். சூரியகாந்தி விதை. 1,140.
இதை யார் பேரில் எழுத?"
கேள்விதான்.
ஆனால் அன்று கையில் இருந்தது கறுப்பு.

மார்ச்சில் ஹல்வோர் வேதபாடத்துக்கு வந்தார்.
மனைவி போன பிறகு அதுதான் முதல் தடவை.
மேஜையில் புத்தகத்தை விட்டுவிட்டு
காப்பிக் கோப்பைகளைக் கழுவப் போனேன்.
சர்ச் அடித்தளத்தில் வெந்நீர் வர நேரமாகும்.
குழாயடியில் நின்று ஹீட்டரைத் திட்டினேன்.

வெள்ளிக்கிழமைதான் பார்த்தேன்.
என் கறுப்புக்குக் கீழே பென்சிலில்,
செக்குகளில் பார்த்துப் பழகிய அதே சாய்வு:
"1,140 இல்லை. 1,310.
கொண்டுவந்து இறக்கிய கூலியை விட்டுவிட்டாய், போர்ஹில்ட்."

கடைக்கு ஓடினேன். ஓடினேன் என்பது மிகை,
பனியில் நாற்பது நிமிஷம்.
பேரேட்டைப் பிரித்தேன்.
ஏப்ரல் ஒன்பது, இரண்டு நடை, நூற்றெழுபது.
சீட்டு அங்கேயே குத்தியிருந்தது.
கூட்டலில் சேரவில்லை.
அது என் கூட்டல்.

பென்சிலை ரப்பர் போட்டு எடுத்துவிடலாம்.
என்னுடையதை எடுக்க முடியாது.
அழியாத மை என்று தேடித்தானே வாங்கினேன்.
தாளைத் திருப்பினால் எபிரெயர் முதல் அதிகாரத்தில்
அவர் பெயர் வலமிருந்து இடமாகத் தெரிகிறது,
பனி படிந்த கண்ணாடிக்கு அப்புறம் நிற்பவர்போல்.
அவர் எழுதியது அந்தப் பக்கம் தெரியவே இல்லை.

போன வாரம் முந்நூறு கொடுத்தார்.
ரசீது எழுதினேன்.
இருவரும் காற்றைப் பற்றிப் பேசினோம்.

இன்னும் அரை விரற்கடை இடம் இருக்கிறது.
பச்சையைத் திறப்பேன், மூடுவேன்.
புத்தகத்தைக் கீழே வைத்தால் இப்போதெல்லாம்
அது தானாகவே அங்கே திறந்துகொள்கிறது.