பதினோராயிரம் பேர்

துலூத்தில் ஒரு பெண்ணின் இடுப்பில்
எங்கள் கருவி இருந்தது.
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.
அவள் காதில் விழுவதெல்லாம் அதன் காதிலும் விழும்.
ராத்திரி சார்ஜரில் செருகிவைத்தால்
பகல் முழுக்கக் கேட்டதை எங்களிடம் ஒப்பித்துவிடும்,
கோள் சொல்லும் தங்கைபோல.

மார்லிஸ் ஹௌகன். வயது நாற்பத்தேழு.
பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பாளர்.
அந்த ஏரிக்கரையில் அவள் வயதுப் பெண்களில்
கருவி கட்டச் சம்மதித்தவர்கள் நாலே பேர்.
ஆகவே பெருக்கிப் பார்த்தால்
அவள் ஒருத்தி
பதினோராயிரம் பேர்.

நான் வெகு தெற்கே, டாம்பாவில்,
ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து
பெருக்குகிறவன்.

இரண்டு வருஷம் அந்தப் பதினோராயிரம் பேர்
காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை
செல்லோ கேட்டார்கள். ஓபோ கேட்டார்கள்.
வியன்னாவில் கடனோடு செத்தவன் எழுதியதை
நாற்பது நிமிஷம், நடுவில் எழுந்துபோகாமல்,
இருமாமல் கேட்டார்கள்.
பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை மட்டும்
சாண்ட்விச் கடையின் கண்ட்ரி பாட்டு.
இப்படியொரு விசுவாசத்தை
நான் எந்த ஊர்க் கணக்கிலும் பார்த்ததில்லை.

அந்த நிலையத்தில் டெல்பர்ட் ஓயாலா என்று ஒரு காலை அறிவிப்பாளர்.
குரலில் எப்போதும் லேசாக ஜலதோஷம்.
எங்கள் அறிக்கை போய்ச் சேர்ந்த அன்று
எல்லோருக்கும் டோனட் வாங்கிவந்தாராம்.
"ஊர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது"
என்று மைக்கிலேயே சொல்லிவிட்டாராம்.

பிறகு ஒரு மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை,
பதினோராயிரம் பேரும்
ஒரே நேரத்தில் எழுந்து வெளியே போனார்கள்.

பனிப்புயல் எதுவும் இல்லை.
விதிப்படி போன் செய்தேன்.

"கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை," என்றாள் மார்லிஸ்.
"டாக்டர் ஷ்மிட்கே சுவரில் டிவி மாட்டியிருக்கிறார்.
மீன் காட்டுகிறது.
சத்தம் கிடையாது. வெறும் மீன்."

ரேடியோ? என்றேன்.

"எந்த ரேடியோ?"

எட்டிலிருந்து ஐந்துவரை, இரண்டு வருஷமாக,
உங்கள் தலைக்குமேல் எங்கோ.

அவள் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் யாரோ இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்டார்கள்.
"அதுவா," என்றாள்.
"அது அந்த அறையின் சத்தம் என்றல்லவா நினைத்திருந்தேன்."

வீட்டில் என்ன கேட்பீர்கள் என்றேன்,
படிவத்தில் அந்தக் கேள்வியும் உண்டு.
மகன் காதை அடைத்துக்கொண்டு திரிகிறான்,
கணவருக்கு லாரியில் கொலைவழக்குப் பாட்காஸ்ட்,
எனக்குக் காரில் ஒன்றும் வேண்டாம், என்றாள்.
ஒன்றும் வேண்டாம் என்பதற்கு
எங்களிடம் கட்டம் இல்லை.

ஆகஸ்டில் அந்த அலைவரிசையை
ஹாக்கி பேசுகிறவர்கள் வாங்கினார்கள்.
நான் ஓயாலாவுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்:
போனது பதினோராயிரம் பேர் அல்ல, ஒருத்தி.
வந்திருந்ததும் அவள்தான். அவளும் கேட்கவில்லை.
எழுதினால் வேலை போகும்.
அது மட்டுமல்ல,
எந்த வார்த்தையில் இதை ஆறுதலாக்குவது?

கடைசிக் காலை, கார் நிறுத்துமிடத்தில்,
போனில் அந்த நிலையத்தைப் பிடித்தேன்.
துறைமுகத்தில் காற்றின் வேகம் சொன்னார்,
அலையின் உயரம் சொன்னார்,
மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.
பிறகு ஒரு ஓபோ,
யாரையும் தேடாமல், தன்பாட்டில்.
முழுக்கக் கேட்டேன்.
நான் கேட்டது எதிலும் சேராது;
ஊழியர்கள் கருவி கட்டக் கூடாது.

அக்டோபரில் மார்லிஸின் கருவி தபாலில் திரும்பிவந்தது.
கூடவே பல் ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு குறிப்பு:
"ஒன்று கேட்க வேண்டும்.
உள்ளறையில் டிரில் சத்தம் இப்போதெல்லாம் தாங்க முடியவில்லை.
புது மெஷினா என்று டாக்டரிடம் கேட்டேன்.
பழசேதானாம்."

திரும்பியதற்குக் காரணம் என்ற இடத்தில்
பழுது, இடமாற்றம், மரணம், மற்றவை.
மற்றவையை அழுத்தினேன்.