சமைத்த நேரம்

காக்கி புக்கிட், ஐந்தாம் மாடி.
இரவு ஒன்று நாற்பதுக்குச் சோறு வெந்து இறங்கும்.
ஸ்டிக்கர் துப்பாக்கியின் சக்கரத்தைத் திருகி
ஐந்து முப்பதில் வைப்பேன்.
டிக். டிக். டிக்.
தொள்ளாயிரத்து இருபது பொட்டலங்களுக்கும்
ஒரே பிறந்த நேரம்,
நான் கணித்த ஜாதகம்.

நாலு மணி நேரத்துக்குள் சாப்பிடவும் என்று
அதன் கீழே பொடி எழுத்து.
துவாஸில் ரப்பர் பேண்டைக் கழற்றும்போது பன்னிரண்டரை.
ஐந்தரைக்கே சமைத்திருந்தாலும் அது பொய்தான்.
பாதிப் பொய்யோடு நிற்கட்டும் என்று
இப்படி ஓர் ஏற்பாடு.

குளிர் அறையின் முள் பதினொன்றில் நிற்கிறது.
நாலில் நிற்க வேண்டும்.
கதவு ரப்பர் கிழிந்த இடத்தில்
யாரோ பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள்,
முழங்கால் சிராய்ப்புக்கு ஒட்டுகிற பிளாஸ்டர்.
கோழியைத் தொட்டால் வழுக்குகிறது.
தின் தின் ஏ ஒரு துண்டை மூக்கருகே கொண்டுபோய்
என்னைப் பார்ப்பாள்.
எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி அந்தப் பார்வைதான்.
பிறகு மஞ்சள் தூள், இன்னும் ஒரு கரண்டி.

சோதனைக்கு ஆள் வந்த அன்று
முள் ஒழுங்காக நாலில் நின்றது.
முந்தின இரவே ஆறு மூட்டை ஐஸ் அடுக்கியிருந்தோம்.
அடுக்கியதில் நானும் உண்டு.

முதலாளி குணாளன் கெட்டவர் என்று சொல்ல
எனக்கு நாக்கு வராது.
வேர்வரை சொத்தையான என் கடைவாய்ப் பல்லுக்குக்
கேட்காமலே முந்நூறு வெள்ளி கொடுத்தவர்.
கம்ப்ரசரை மாற்றச் சொன்னால்
"அடுத்த டெண்டர் வரட்டும்மா" என்பார்.
டெண்டரில் ஒரு சாப்பாட்டுக்கு என்ன கிடைக்கிறது என்று
எனக்குத் தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன்:
இரண்டு கோப்பிக் காசு.

போன மாதம் லாரிக்காரர் சொன்னார்,
"சைட்டுல ஒம்போது பேருக்கு வயிறு போச்சாம்.
வேடியப்பன்னு ஒருத்தன்
கிரேன் பக்கத்துலயே மயங்கி விழுந்தானாம்.
வெயிலுன்னு எழுதிட்டாங்க."

வெயில்.
அன்றைக்கு மழை பெய்தது.
ஜொகூர் பாலத்தில் மோட்டார்சைக்கிளோடு நனைந்தவள் நான்.

பெர்மிட்டில் அவர் கம்பெனி பேர்.
அது போனால் மாசாய் வீட்டுத் தவணை நிற்கும்.
தின் தின் ஏ திரும்பிப் போக
ஊரில் ஒரு சண்டைதான் இருக்கிறது.
மூடினால் பதினெட்டுப் பேர்.
மூடாவிட்டால் தொள்ளாயிரத்து இருபது.
கணக்கு எளிதுதான்.
பதினெட்டுப் பேரின் முகம் எனக்குத் தெரியும்,
அதுதான் சங்கடம்.

இன்று காலை ஏழு மணிக்கு
வண்டி நிறுத்துமிடத்தில்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
போனில் புகார்ப் படிவத்தைத் திறந்தேன்.
இடம் கேட்டது, போட்டேன்.
படம் கேட்டது. முள்ளும் பிளாஸ்டரும் தெரிய ஒன்று வைத்திருந்தேன்.
பேர் கட்டாயமில்லை என்றது.
நிம்மதியாக இருந்தது,
நிம்மதியானதில் வெட்கமாகவும்.

அப்புறம் ஒரு கேள்வி:
இதை முதன்முதலில் எப்போது கவனித்தீர்கள்?

கீழே தேதிச் சக்கரம்.
விரல் பட்டால் உருளும்.
இன்றைய தேதியில் நின்று காத்திருந்தது.

கோழி முதலில் வழுக்கியது தைப்பூசத்துக்கு முந்தின வாரம்.
இப்போது கந்தசஷ்டியே முடிந்துவிட்டது.
நடுவில் எத்தனை இரவு, இரவுக்குத் தொள்ளாயிரத்து இருபது,
பெருக்கிப் பார்க்கவில்லை.

நேற்று என்று வைக்கப் போனது கட்டைவிரல்.
பழகிய விரல்.
இந்த வேலை அதற்கு நன்றாகத் தெரியும்.

ஹெல்மெட் கண்ணாடியில் மூச்சு படிந்து
எழுத்தெல்லாம் மங்கியது.
துடைத்தேன்.
பின்னோக்கி உருட்ட ஆரம்பித்தேன்.
அக்டோபர். செப்டம்பர்.
ஆகஸ்டில் கொஞ்சம் நின்றேன்,
பல் பிடுங்கியது அந்த மாதம்.