தலையணை

மார்பெலும்பைக் கம்பி போட்டுச் சேர்த்து
இன்றோடு முப்பத்தொரு நாள்.
இருமல் வந்தால் கட்டிப்பிடிக்கச் சொல்லி
மருத்துவமனையில் தந்த தலையணையை
எலெயுதேரியோ மடியில் வைத்திருக்கிறார்,
சீட் பெல்ட்டுக்கும் தனக்கும் நடுவே,
எங்கள் மூன்றாவது பிள்ளை மாதிரி.

பதினெட்டு வருடம் அவர் ஓட்டிய வண்டி.
ஸ்டியரிங் இன்று என்னிடம்.
குழி வரும்போதெல்லாம்
அவர் வலது கால்
இல்லாத பிரேக்கை மிதிக்கிறது.
"மெதுவா" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.
சொல்லாமல் இருப்பது
தையலைவிட வலிக்கும் அவருக்கு.

பின்னால் ரொமினா
மாத்திரைப் பெட்டியைச் சரிபார்க்கிறாள்.
தம்பி ஒரு திராட்சையை ஒளித்துவைத்து
வியாழக்கிழமையை நசநசவென்று ஆக்கியிருக்கிறான்.

பார்குவா துறையில் மழை.
எதிரே சிலோயே தீவு, அவர் அக்கா வீடு,
தெரிகிறது என்றால் தெரிகிறது.
உப்பில்லாத ரொட்டியைப் பிரித்தேன்.
ஜன்னலை ஒட்டி ஒருத்தி
சூடான எம்பனாடா கூவிக்கொண்டு போனாள்.
நான்கு பேரும் பார்த்தோம்.
வண்டிக்குள் வாசனை மட்டும் வந்து உட்கார்ந்தது.

படகில் பின்பக்கமாக ஏற்றச் சொன்னார்கள்.
ஒன்று. இரண்டு. மூன்று முறை.
கயிறு பிடித்த பையன்
தலையில் கை வைத்துக்கொண்டான்.

அப்போது பக்கத்தில் ஒரு சத்தம்.
பதறித் திரும்பினேன்.
தலையணையை இறுக அணைத்து,
கண்ணில் நீர் முட்ட,
"வேண்டாம் ஒன்டினா, சிரிக்க வைக்காதே,
பிரிந்துவிடும், சிரிக்க வைக்காதே" என்று
சிரித்துக்கொண்டிருந்தார்,
ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவையாக.

நான்காம் முறையும் கோணல்தான்.
அது மட்டும்
வேண்டுமென்றே.