அழுத்திப் பார்த்து வாங்கியது

டூமியின் கடை ஆறு மணிக்குத் திறக்கும்.
ஐந்தே முக்காலுக்கே வாசலில் நிற்கிறேன்.
கோழி ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து
ரப்பர் பூட்ஸை வண்டியில் கழற்றி எறிந்துவிட்டு,
கையில் இன்னும் குளோரின் வாடையோடு.
அலபாமாவில் ஜூன் மாதம்
விடியும்போதே வியர்க்கும்.

சுவர் முழுக்கத் தவளைகள்.
பச்சை, பழுப்பு, எலுமிச்சை மஞ்சள்.
பெட்டிக்குள் ஒவ்வொன்றும்
வாடகை பாக்கிக்காரன் போல விழித்துக்கொண்டு.
விலை பன்னிரண்டு டாலர்.
ஆலைக் கணக்கில் முக்கால் மணி நேரம்.

"பெட்டியைத் திற" என்றேன்.
"திறந்தால் வாங்கணும்."
"அழுத்தாமல் எப்படி வாங்குறது?"

நிறம் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.
மீன் அடியிலிருந்து பார்க்கிறது,
அதற்குத் தெரிவது வயிறு மட்டும்.
முதுகில் தீட்டிய புள்ளியெல்லாம்
கடைக்கு வருகிறவனைப் பிடிக்கத்தான்.

எனக்கு வேண்டியது இது:
கட்டைவிரல் பட்டதும் உடம்பு குழிய வேண்டும்,
முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும் இரண்டு முட்களும்
அப்போது தலைதூக்க வேண்டும்.
விரலை எடுத்தால்
மூச்சிழுத்து மறுபடி தவளையாகிவிட வேண்டும்.

முதலாவது, கல்.
இரண்டாவது மிருதுதான்.
கன்னத்தருகே வைத்துப் பிதுக்கினேன்,
மூக்கோரம் காற்று சீறியது.
பத்து வீச்சுக்குள் ஏரியைக் குடித்துவிட்டு மூழ்கும்.
மூன்றாவதை அழுத்தியபோது
முனகியது என் விரல்.
பதினோரு வருடம் கத்தி பிடித்த மூட்டு.
தவளை குழிந்தது, எழுந்தது,
ஒன்றும் சொல்லவில்லை.
கறுப்பு. வயிறும் கறுப்பு.
"மேகமா இருக்கு, அதுதான் சரி" என்றான் டூமி,
தானே பொறுக்கி எடுத்த மாதிரி.

வண்டியின் பானட்டில் வைத்து
ரப்பர் கால்களைக் கொஞ்சம் நறுக்கினேன்,
இடதை இன்னும் கொஞ்சம்.
நொண்டினால்தான் அங்குமிங்கும் ஆடும்.

படகில் வெர்னிட்டா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.
ஆலையில் எனக்கு எதிர் மேசை.
மீன் பிடிக்க மாட்டாள்.
அவித்த வேர்க்கடலை தின்ன வருவாள்,
யாரும் கத்தாத இடத்தில்.

கரையோரம் பாசி பாய் விரித்திருந்தது.
நடுவில் எறிந்தேன்.
ஒரு தத்து. நிறுத்தம். இரண்டு தத்து.
பாசி கிழிந்திருந்த ஓர் ஓட்டையின் விளிம்பில்
சும்மா விட்டேன்.

வெடித்தது.

இழுத்தேன். தவளை என் தோளைத் தாண்டிப் பறந்து
வெர்னிட்டாவின் கடலைப் பைக்குள் விழுந்தது.
"அவசரம்" என்றாள், தோலைத் துப்பிவிட்டு.

மறுபடி எறிந்தேன். மறுபடி வெடி.
மறுபடி வெறும் முள்.
பட்டையில் கோழி வந்துகொண்டே இருக்கும் இடத்தில்
பழகிய கை இது.
கண் பார்ப்பதற்குள் கத்தி இறங்கியாக வேண்டும்.
காத்திருந்தால் சூப்பர்வைசர் வருவான்.

மூன்றாவது வெடிக்கு
வெர்னிட்டா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்,
உப்புத் தண்ணீர் சொட்டும் கையால்.
"ஒரு கோழி" என்றாள்.
நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தது.
"ரெண்டு கோழி."
விட்டாள்.

இழுத்தேன். கம்பு வளைந்து நின்றது.
பாசியும் மீனும் ஒரே பொதியாக வந்தன,
எது எவ்வளவு கனம் என்று தெரியாமல்.
தவளை தன் வாயால் கெடும் என்பார்கள்.
இதற்கு வாயே கிடையாது.
கெட்டது பெருவாயன்தான்:
நாலு பவுண்ட் இருக்கும்,
கடைவாயில் தவளை சப்பையாகக் கிடந்தது,
முள் இரண்டும் வெளியே.

மீனைத் தண்ணீரில் விட்டேன்.
வாலால் ஒரு அறை அறைந்துவிட்டுப் போயிற்று.

"இப்படியா அழுத்தினே?"
வெர்னிட்டா தவளையை வாங்கி நசுக்கினாள்.
ஏரி ஒரு கோடாகப் பீறிட்டு
அவள் மூக்குக்கண்ணாடியில் அடித்தது.
துடைக்கவில்லை.
இன்னொரு தரம் அழுத்தினாள்.