காதில் போட்டுக்கொள்ளாதது

"நான் சொல்றத நீ காதிலேயே போட்டுக்கறதில்ல"
என்பார் என் வீட்டுக்காரர்.
உண்மைதான்.
கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

காலை நாலரை. பனையூர், ஈசிஆர் ஓரம்.
மூன்று நாய், ஒரு பால் வண்டி, நாங்கள் ஐந்து பேர்.
பிடரியைச் சுற்றி வளைந்த கம்பி,
அதன் இரு முனையிலும்
புளியங்கொட்டை அளவில் இரண்டு மெத்துகள்.
ஒன்பதாயிரம், ஆறு தவணை.
காதுத் துளைக்கு முன்னால், எலும்பு மேட்டில்
ஒட்டி உட்கார்ந்து நடுங்குகின்றன.
அவ்வளவே அவற்றின் வேலை.
நடுக்கம் எலும்பேறி மண்டைக்குள் போகிறது.
உள்ளே நத்தையாய்ச் சுருண்ட ஓர் அறையில்
துளி நீர் அலைகிறது,
நீருக்குள் மயிர்க்கால்கள் சாய்கின்றன,
"ஒரு கிலோமீட்டர். ஆறு நிமிடம் நாற்பது நொடி"
என்கிறாள் ஒருத்தி.

செவிப்பறை என்று பெயர் வைத்தவர்
என் இடக்காதைப் பார்த்ததில்லை.
எட்டாம் வகுப்பு, ராயபுரம், மண்டலக் கபடி.
ரெய்டுக்கு வந்த பெரம்பூர்க்காரியின் உள்ளங்கை
சரியாக அங்கே விழுந்தது.
பறை கிழிந்தது.
பாயிண்ட் அவளுக்கு.
பிறகு சீழ், சொட்டு மருந்து,
தலைக்குக் குளிக்கும்போதெல்லாம்
எண்ணெய் தொட்ட பஞ்சு.

ஸ்டான்லியில் ஒரு டாக்டரம்மா
இசைக்கவையை முழங்கையில் தட்டி
காதுக்கு வெளியே பிடித்தார். "கேக்குதா?"
எங்கோ ஒரு கொசு.
காதுக்குப் பின்னால் எலும்பில் அதன் காம்பை ஊன்றினார்.
தலைக்குள் மின்சார ரயில் வந்து நின்றது.
"வாசல்தான் உடைஞ்சிருக்கு. வீடு நல்லாருக்கு"
என்று சொல்லிவிட்டு
சீட்டில் வேறெதையோ எழுதினார்.
அந்த வீட்டுக்கு எந்தப் பக்கமாகப் போவதென்று தெரியாமல்
இருபத்தாறு வருடம்.

நடுவில், ஓடத் தொடங்கிய புதிதில்,
இருந்த ஒரு நல்ல காதையும் பாட்டால் அடைத்துக்கொண்டு
மத்திய கைலாஷ் திருப்பத்தில்
ஓர் ஆட்டோவுக்கு முழங்கையைக் கொடுத்தேன்.
ஹாரன் அடித்தாராம். பிள்ளை மேல் சத்தியம் செய்தார்.
ஏழு தையல்.

இப்போது வலக்காது சும்மா திறந்து கிடக்கிறது.
திரு.வி.க. பாலத்துக் காற்று,
பின்னால் வஹீதாவின் ஷூ கீச்சிடுவது,
பட்டினப்பாக்கத்தில் மீன்கூடை இறக்கும்போதே தொடங்கிவிட்ட சண்டை,
ரிவர்ஸில் வரும் தண்ணி லாரியின் பீப் பீப்.
ஒதுங்குகிறேன்.
பாட்டு நிற்கவில்லை.

குறை சொல்ல வேண்டுமென்றால்,
பேஸ் கிடையாது, தவில் தகரமாகிறது.
சத்தம் கூட்டினால் கன்னம் கூசுகிறது.
மாநகரப் பேருந்து உரசிப் போனால்
எல்லாம் மூழ்கிவிடும்.
அந்த நேரம் விரலால் காதை அடைத்தால்
தகரம் மறுபடி தவிலாகும்.
இரண்டு நொடி.
ஆட்டோ ஞாபகம் வரும், விரலை எடுத்துவிடுவேன்.

வஹீதாவின் தம்பி இதைப் போலொன்றை மாட்டி
மெரினா நீச்சல் குளத்தில் இறங்குகிறான்.
காதில் தண்ணீர் புகுந்தாலும் பேசுகிறதாம்.
எனக்குப் பொறாமை. கிழிந்த பறைக்குத் தண்ணீர் ஆகாது.

கலங்கரை விளக்கம் தாண்டி
பத்தொன்பதாவது கிலோமீட்டரில்
அவள் "பேட்டரி லோ" என்றாள்.
அதுதான் கடைசி வார்த்தை.
இடப்பக்கம் இருட்டியிருக்க வேண்டும்.
இருட்டவில்லை.
குதிகால் விழும் தொம் தொம்
தாடை வரை ஏறி வந்தது.
மூச்சு. எச்சில் விழுங்கும் களக்.
பல்லோடு பல் பட்ட சின்ன டக்.
இதற்கு நான் தவணை கட்டவில்லை.

உழைப்பாளர் சிலைக்கு எதிரே
வேர்வை உப்புப் பூத்த கையால்
வஹீதா கடலைமிட்டாய் நீட்டினாள்.
இடப்பக்கம் நின்றுகொண்டு ஏதோ சொன்னாள்.
நான் கடித்தேன்.
இரண்டு காதிலும் உடைந்தது.

"என்னடி சொன்ன?"