மேலே எப்படி இருக்கு?

வியாழன் காலை செல்போன் வரைபடத்தில்
எங்கள் மலை மஞ்சளாக இருந்தது.
மதியம் ஆரஞ்சு.
இருட்டுவதற்குள் சிவப்பு.
கேரட்டையே தாண்டிப் போயிடுச்சே என்றான் லாரிக்கார அந்தோணிராசு.
யாரும் சிரிக்கவில்லை.

கேத்தி பாலாடாவில்
இன்னும் பதினைந்து நாள் மண்ணுக்குள் இருக்க வேண்டியவை,
சுண்டுவிரல் பருமன்கூட இல்லை.
தண்ணி நின்னா அழுகிடும், இருக்கிறதைப் பிடுங்கு.
விடிய விடியச் சரிவெங்கும் நெற்றி விளக்குகள்
குனிந்து குனிந்து நகர்ந்தன.

நான் கழுவுகிற மிஷினில் மூட்டை எண்ணுகிறவள்.
எப்போதும் இருநூறு தாண்டாது.
அன்றைக்குக் கோழி கூவுமுன் அறுநூற்று நாற்பது.
டிரம் சுற்றச் சுற்ற
சேற்றுத் தண்ணீர் என் செருப்பை மூடி ஓடியது.
வானத்திலிருந்து ஒரு சொட்டு இல்லை.

மேட்டுப்பாளையம் மண்டியில்
முந்தின நாள் கிலோ அறுபத்திரண்டு.
முதல் லாரி இறக்கும்போது நாற்பது,
ஏழாவது லாரிக்கு இருபத்தொன்று,
பர்லியாறு வளைவில் நின்றுகொண்டிருந்த மீதிக்கு
'வந்தா வாங்க, வராட்டியும் சரி.'
சரிவு வரும், எச்சரிக்கை என்றார்கள்.
வந்தது.
மண் அப்படியே இருந்தது.

ஜோகி மட்டும் பிடுங்கவில்லை.
துணிச்சல்காரர் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.
எனக்குத் தெரியும், ஆள் கிடைக்கவில்லை.
பதினோரு பேருக்கு போன் போட்டார்,
பதினோரு பேரும் அடுத்தவர் காட்டில்.
தன் ஒன்றேகால் ஏக்கரைச் சுற்றித்
தனியாக வாய்க்கால் வெட்டினார் அந்த ராத்திரி.
மிஷின் நிற்கும்போதெல்லாம்
மண்வெட்டி கல்லில் படுவது கேட்டது.

வெள்ளி, தூறல்.
சனி, வெயில். லைன் வீட்டுச் சுவரெல்லாம் கம்பளி காய்ந்தது.
பத்து நாள் கழித்து மண்டியில் கேரட்டே இல்லை,
தொண்ணூற்றி நான்கு.
ஜோகி அந்த விலைக்கு விற்றார், எழுபது மூட்டை.
பணத்தை எண்ணாமல் உள்பையில் வைத்தார்.
பக்கத்தில் ஹாலன் நின்றிருந்தார்,
விதைக் கடன் பாக்கியோடு,
என்னிடம் சாக்குக் கணக்கு கேட்பதுபோல.

இன்றைக்கு மறுபடியும் ஆரஞ்சு.
மூன்று மணிக்குள் நான்கு தடவை
மண்டியிலிருந்து கமிஷன்காரர் வேலுச்சாமி:
'மேலே எப்படிம்மா இருக்கு? வருமா, வராதா?'
நான் என்ன சொன்னாலும் அதை எடை போட்டு
கோயம்பேட்டில் யாருக்கோ விற்றுவிடுவார், தெரியும்.
எனக்கு மூட்டைக்கு மூன்று ரூபாய்,
சொல்லுக்கு ஒன்றுமில்லை.

ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுகிறேன்.
எதிர்ச் சரிவில் யாரோ
நெற்றி விளக்கைப் பகலிலேயே எரியவிட்டுப் பார்க்கிறார்கள்.
உள்ளங்கை நனையவில்லை.
காயவும் இல்லை.

'மூட்டமா இருக்குண்ணே' என்கிறேன்.
அந்தப் பக்கம்
கால்குலேட்டர் தட்டுகிற சத்தம்.