மூன்றரையால் வகுத்தல்

முப்பத்திரண்டு மஞ்சள் தொப்பிகள்.
காலிமுகத் திடலில் இறங்கிய உடனே
என்னுடையதைக் காற்று பறித்துக் கடலுக்குக் கொடுத்தது.
"தொப்பிக்கும் சேத்துத்தானுங்க காசு கட்டியிருக்கோம்"
என்றார் பெருந்துறை ஆறுச்சாமி,
கடலிடம் அல்ல, வழிகாட்டியிடம்.

மின்வாரியக் கணக்குப் பிரிவில்
முப்பத்தொரு வருடம் இருந்தவள் நான்.
கொழும்பில் எதைப் பார்த்தாலும்
மூன்றரையால் வகுத்து நம்ம ரூபாய் ஆக்குகிறேன்.
இறால் வடை. வகுத்தேன்.
தாமரைக் கோபுரத்துக்கு ஏறும் சீட்டு. வகுத்தேன்.
கங்காராம விகாரையில், கண்ணாடிக்குள்ளிருந்த
தந்தங்களையும் ஓடாத கடிகாரங்களையும்
விலை எழுதாததால் சும்மா பார்த்தேன்.

வழிகாட்டியின் பெயர் குகதாசனாம்.
சட்டையில் குத்திய அட்டையில் 'குகா' மட்டும்.
ஓட்டுநரிடம் சிங்களம், ஹோட்டலில் ஆங்கிலம்,
எங்களுக்கு வடபழனி:
"சீக்கிரம் வாங்க மேடம், செம வெயில்ல?"

கோபுரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே
பின் சீட்டிலிருந்து ஒரு குரல்:
"தம்பி, சண்டையெல்லாம் நேர்ல பாத்தீங்களா?"
மைக் கொஞ்சம் கரகரத்தது.
"அது இந்தப் பேக்கேஜ்ல இல்ல சார்."
பஸ் முழுக்கச் சிரித்தது.
நானும் சிரித்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

இரத்தினக் கடையில் நாற்பது நிமிடம் கட்டாயம்.
வாங்க வேண்டாம், ஏசியில் உட்கார்ந்திருந்தால் போதும்,
தலைக்கு இவ்வளவு என்று யாருக்கோ கிடைக்கும்.
மருமகளுக்கென்று ஒரு நீலக்கல்லை எடுத்து
வகுத்துப் பார்த்தேன்.
வகுத்த பிறகும் வைத்துவிட்டு
வெளியே வந்தேன்.

பஸ்ஸின் நிழலில் முதுகைக் காட்டியபடி போனில் அவர்:
"ஓம்... ஓமப்பா. இன்னும் காய்ச்சல் விடேல்லையோ?
கஞ்சி குடுத்தனீரோ? நான் வரப் பத்தாகும்.
பிள்ளையை நித்திரையாக்கும்."

திரும்பியவர் நொடியில் வடபழனிக்கு வந்துவிட்டார்:
"என்ன மேடம், ஷாப்பிங் முடிஞ்சுதா?"

உங்க சொந்தத் தமிழிலேயே பேசலாமே என்றேன்.
பின்கழுத்தைச் சொறிந்தார்.
"முதல் வருசம் பேசினேன் மேடம்.
இன்னொரு தடவை சொல்லுங்கன்னு வீடியோ எடுப்பாங்க.
ஒரு அம்மா, தங்கச்சிக்கு அனுப்பணும்னு
'வாங்கோ'வை ஆறு தடவை சொல்ல வெச்சாங்க.
இது ஈசி."

என் கையிலும் போன் இருந்தது.
கைப்பைக்குள் போட்டேன். ஜிப் சிக்கியது.

பிறகு புறக்கோட்டை.
சிவப்பும் வெள்ளையுமாய்க் கோடு போட்ட பள்ளிவாசலுக்குக் கீழே
கைவண்டிகளும் மூட்டைகளும் நாங்களும்.
ஃபிரிட்ஜில் ஒட்டும் யானை பதினொன்று.
டிவிக்கு மேலே மாட்ட, முழி பிதுங்கிய நாக முகமூடி.
"பட்டை அரைக் கிலோ" என்றேன்.
கடைக்காரர் விழித்தார்.
"கறுவா" என்றார் குகதாசன், என்னைப் பார்க்காமல்.
விலை ஏனோ பாதியானது.
அந்தப் பாதியை வகுக்க மறந்துபோனேன்.

ஆறு பொட்டலம் தேயிலை வாங்கிய பின்
ஆறுச்சாமிக்குச் சந்தேகம்:
"ஏனுங், இது நம்ம குன்னூர்லயே கெடைக்குமுங்களே?"

இருட்டும் நேரம். ஏறுவதற்கு முன் தலை எண்ணிக்கை.
ஹாரன் சத்தத்தில் கேட்காதென்று நினைத்தாரோ,
விரல் நீட்டி, வாய்க்குள்:
ஒண்டு. ரெண்டு. மூண்டு.
மஞ்சள் மஞ்சளாய்த் தொட்டுக்கொண்டு போனார்.
இருபத்தொண்டு. முப்பது.
முப்பத்தொண்டு.

அதோடு நின்றது.
கடை வாசல்களை, ஆட்டோ வரிசையைக் கண்ணால் துழாவினார்.
"ஒராள் குறையுது" என்றார், தனக்கே.

வெறுந்தலையோடு
அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன்,
முகமூடியை நெஞ்சோடு அணைத்து.

மறுபடி ஒண்டிலிருந்து தொடங்கினார்.
சொல்லியிருக்கலாம்.
பதினேழு வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.
வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது
அப்போதுதான் நினைவு வந்தது.

"இங்க இருக்கேனுங்க."

"மேடம்!" துள்ளித் திரும்பினார்.
"லைன்ல நில்லுங்க மேடம், ப்ளீஸ்."